பெண் வீடு எதிரணி

ஐப்பசி, ஞாயிறு இரவு.

சேரன்மகாதேவி மண்டபத்தில் மகளின் கல்யாண வரவேற்பு முடிந்து வந்துவிட்டோம். படுத்தும் தூக்கம் வரவில்லை.

மாப்பிள்ளையும் அவன் அண்ணனும் இங்கிலாந்து கால்பந்து லீக் பைத்தியங்கள். பந்தை உதைத்த கால்கள் அல்ல, சோபாவில் நீட்டிய கால்கள். ஆனாலும் "நேத்து நாங்க ஜெயிச்சுட்டோம்" என்றுதான் பேச்சு. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக விசில் ஊதிய எனக்கு அதைக் கேட்டாலே காது கூசும்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரும் நேரம், அந்த அண்ணன் கோட்டுக்கு மேல் தன் கால்பந்து கிளப்பின் துண்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரிடமும் என்னிடமும் வந்தான்.

"மாமா, உங்க ஆளுகளெல்லாம் ரெண்டு வரிசையா நில்லுங்க. பட்டம் ஜெயிச்சவன் வந்தா எதிரணி நின்னு கைதட்டணும். லீக்ல அதுதான் மரபு."

"இங்கன எதிரணி யாரு?" என்றேன்.

"பொண்ணு வீடுதான் அத்தை" என்று இளித்தான்.

என் வீட்டுக்காரர் முதல் ஆளாகப் போய் நின்றார். "விளையாட்டுக்குத்தான சொல்லுதான், பேசாம வா" என்றார். மாப்பிள்ளை எந்த ஆட்டத்தில் என்ன ஜெயித்தானாம்? நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இருவரும் வந்தார்கள். அப்பாவின் அருகில் வந்ததும் என் மகள் மாப்பிள்ளையின் கையை விட்டாள். எங்கள் வரிசையில் வந்து நின்று, அவளும் கைதட்டினாள்.

சாம்பியன் இருபுறமும் கையாட்டியபடியே நடந்தான். மேடை ஏறி, போட்டோவுக்குச் சிரித்த பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

காலையில் அவளை இவனோடு ரயிலேற்றிவிட வேண்டும்.