சேலைத் துணி கட்டிய சிவப்பு வயர்கள்

என் அருமை மாப்பிள்ளை ரங்கசாமிக்கு,

நம் செல்வியின் கல்யாணம் ஜாம் ஜாமென்று முடிந்தது. பெண்ணை உங்கள் காரிலேயே கூட்டிக்கொண்டு போனோம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் நீங்கள் பார்க்காத உங்கள் மருமகன். என் பேச்சுக்கு இஸ்திரி போட்டு எழுதுகிறார்.

நீங்கள் கண்ணை மூடினதிலிருந்து வண்டி நம் ஊர் கணபதியில் உங்கள் மோட்டார் ஒர்க்‌ஷாப் மூலையில் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. செல்வி ஒரே பிடிவாதம். "அப்பாதான் வர முடியாது, அப்பா காராச்சும் வரோணுமுங்க மாமா. இல்லாட்டி மாலையோட பொள்ளாச்சி பஸ்ஸுல நின்னுட்டே வாரேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான். உங்கள் மகளல்லவா?

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, புது பேட்டரி போட்டு வண்டியை வெளியே எடுத்தேன். மில் லாரி ஓட்டிய கை, பழக்கம் மறக்கவில்லை. ஆனால் பிரேக்கை மிதித்தால் ஹாரன் அலறுகிறது மாப்பிள்ளை! காலை எடுத்தால் நிற்கிறது. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். அங்கே மேடு, காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். பதற்றத்தில் கைப்பிரேக் நினைவுக்கே வரவில்லை.

முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க பெரியவரே, நீங்க ஹாரன் அடிச்சா ரயிலு ஒதுங்கிப் போகுமுங்களா?"

கேட் திறக்கிறவரை அந்த ஊரே என்னைப் பார்த்தது. நீங்கள் இருந்திருந்தால் இறங்கி ஓடியிருப்பீர்களா, உட்கார்ந்து சிரித்திருப்பீர்களா?

எப்படியோ வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எலெக்ட்ரீசியன் தாமஸைக் கூட்டிவந்தேன். என்னை ஹாரனை அழுத்தச் சொல்லிவிட்டு அவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். "ஹாரனை அமுத்துனா பிரேக் லைட் எரியுதுங்கோ! ரெண்டு வயரும் எங்கியோ தோலுரிஞ்சு கட்டிப்புடிச்சுட்டுக் கெடக்குதுங்க" என்றார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கருகின வாடை வந்தது. ஓடிவந்து பேட்டரி வயரைப் பிடுங்கினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இப்படியே ஓட்டுனா வழியில தீப்புடிச்சுப்போடும். பொண்ணை இதுல ஏத்தாதீங்க."

ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தனை வயரும் சிவப்பு. பம்புசெட் மோட்டாருக்கு வாங்கி மீந்த ஒரே நிற வயரை வைத்து முழுக் காரையும் முடித்த ஆள் நீங்கள் ஒருவர்தான் மாப்பிள்ளை. "எது பிரேக்கு, எது ஹாரன்னு ஒண்ணொண்ணாத் தேடுனா இன்னிக்கு முடியாதுங்க. வேன் சொல்லிப்போடுங்க" என்றார் தாமஸ். ஜன்னலில் நின்ற செல்வி கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த மழைக்காலம் கண்முன் வந்தது. வயர் மாட்டும்போது என்னைக் கூட உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சீட்டு எழுதி ஒட்டுனா நீங்க படிக்கமாட்டீங்க மச்சா. துணி கட்டறேன், பாத்துக்குங்க." ஹாரனுக்கு மயில்கழுத்து நிறம், பிரேக்குக்கு அரக்கு. எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஆனால் குனிந்து பார்த்தால் எல்லா முடிச்சும் எண்ணெயேறிக் கரியாக இருக்கிறது.

"சரசு, மண்ணெண்ணெய் கொண்டா" என்று என் தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவளே குனிந்து ஒவ்வொரு முடிச்சாகத் துடைத்தாள். அரக்கு தெரிந்தது. அடுத்து மயில்கழுத்து தெரிந்ததும் கை நின்றுவிட்டது.

"அண்ணா, இது எம்பட பட்டுச் சேலைங்கண்ணா!"

"எந்தச் சேலை?"

"எலி கடிச்சுப்போடுச்சுன்னு சொன்னாரே, அதுதானுங்க! எலிமருந்து வாங்கியாந்து ஊடு பூராம் வெச்சாரே அந்த மனுசன்! நானும் நம்பி, எலியத் திட்டிட்டே இருந்தனே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய. நீங்கள் போன பிறகு என் தங்கச்சி இப்படிச் சிரித்ததே இல்லை. தாமஸுக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சிரிக்கிறார். அது சரி, வீட்டில் வேறு துணியே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

பிறகு தாமஸ் அந்த இரண்டு வயரையும் விரலால் பிடித்துக்கொண்டே போனார். இஞ்சின் பக்கம் போகும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டு விளிம்பு உரசி உரசி இரண்டையும் அறுத்திருக்கிறது. அந்த இடத்துக்குப் புது வயர் கொடுத்து, ரப்பர் போட்டார். கைப்பிரேக்கையும் இறுக்கிவிட்டார். பிரேக்கை மிதித்தேன். சத்தமில்லை. "லைட் எரியுதுங்கோ!" என்று தாமஸ் பின்னாலிருந்து கத்தினார். செல்வி வாசலுக்கு ஓடிவந்தாள்.

மறுநாள் விடியலில் பொள்ளாச்சி போனோம். தாமஸும் கூடவே ஏறிக்கொண்டார். ஒரு பொல்லாப்பும் இல்லை. மண்டப வாசலில் செல்வி பின்னாலிருந்து எட்டி அவளே ஹாரனை அழுத்தினாள். கையை எடுக்கவேயில்லை. பயந்துபோய் மாப்பிள்ளைக் கோலத்திலேயே வெளியே ஓடிவந்தவர்தான் இதை எழுதுகிறார். "அது வேண்டாமுங்க, எழுதமாட்டேன்" என்கிறார். எழுதுங்க மாப்ளே, உங்க மாமனார் சிரிக்கட்டும்.

மிச்ச வயர்களும் நொறுங்கும் பதத்தில்தான் இருக்கின்றன, தாமஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். செல்வி மறுவீடு வருவதற்குள் உங்கள் சிவப்பு வயரை முழுக்க உருவிப்போட்டு, நிறம் நிறமாகப் புதுசு போட்டுவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் மாப்பிள்ளை. உங்கள் பேரப்பிள்ளைகள் ஏறப்போகிற வண்டி.

உங்கள் சரசுவின் அண்ணன்,
உங்கள் மச்சான் சின்னச்சாமி
(கைநாட்டு)