மூன்று மைக்ரான் கனத்தில் நான்

மார்ச் 4, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள். இன்று வேலைக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் இருந்தால் கெண்டைக்கால் தழும்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பது வருஷமாக மச்சம் என்று நினைத்ததை மெலனோமா என்றார்கள், மச்சப் புற்று. தோண்டி எடுத்தார்கள். பரவியிருக்கிறதா என்று பார்க்கத் தொடை இடுக்கிலிருந்து ஒரு நிணநீர்க் கணுவையும் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட் வரவில்லை. "ஸ்பெஷல் சாயம் போட்டுப் பார்க்கணும், கொஞ்சம் பொறுங்க" என்கிறார்கள். பதினாறு வருஷமாகச் சதை வெட்டிச் சாயம் போடுபவளிடம்.

எங்கள் லேப் ஆட்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மார்ச் 6, வியாழன்

வெளி ஆஸ்பத்திரிகள் சாயத்துக்கு அனுப்பிய, சதை பதித்த மெழுகுக் கட்டைகளை வெட்டினேன். மூன்று மைக்ரான் கனம், தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு. ஒரு கட்டையில் அவரை விதை வடிவில் சதை. மெழுகு நாடா வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்து, சுருக்கமெல்லாம் தானாக விரிந்தது. அழகாக வந்திருக்கிறது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கண்ணாடித் தகட்டில் ஏந்தி எண்ணை எழுதும்போது கை நின்றுவிட்டது. 2207. என் ரசீதில் இருக்கும் எண்.

என்னை நானே வெட்டியிருக்கிறேன். வலிக்கவே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் லேப் டாக்டரம்மா வருவதற்குள், சாயம் போட்ட தகட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பார்க்கக் கூடாது. பார்த்தேன்.

மச்ச செல்கள் இருந்தால் அந்தச் சாயத்தில் பழுப்பாகத் தெரியும். மற்றதெல்லாம் நீலம். ஓரத்தில் பழுப்பு. வரிசையாக, சுவரோரம் உட்கார்ந்து யாரையோ எதிர்பார்ப்பவர்கள் மாதிரி.

பரவிடுச்சு. அவ்வளவுதான். ஐயோ, பொண்ணுக்கு இன்னும் பதினொண்ணுகூட முடியலையே —

மார்ச் 8, சனி

"ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார் வீட்டுக்காரர். கால் வலி என்றேன். தொடை இடுக்கில் கை வைத்தால், கையை எடு என்று உள்ளேயிருந்து யாரோ சொல்வதுபோல் இருக்கிறது. யாரிடம் சொல்ல இதை?

மார்ச் 10, திங்கள்

தாங்க முடியவில்லை. டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டினார். "வெட்டத் தெரிஞ்சா படிக்கத் தெரியும்னு அர்த்தமா? கலரைப் பார்த்தியே, இடத்தைப் பார்த்தியா?"

எதிரெதிரே இரண்டு பேர் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் உட்கார வைத்தார்.

"இது கணுவோட உறை. இந்தப் பழுப்பு ஆளுங்க எல்லாரும் உறையிலயே இருக்காங்க, உள்ள யாரும் போகலை. உருவமும் சாதுவா இருக்கு. பெருகுதான்னு காட்டுற சாயத்தையும் போட்டுப் பார்த்துட்டேன், எதுவும் பெருகலை. இது புற்று இல்லம்மா. மச்சம்."

"கணுவுக்குள்ள மச்சமா?"

"சிலருக்கு இருக்கும். எப்ப வந்து உட்கார்ந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நீ பொறக்கும்போதே இருந்திருக்கலாம்."

பக்கத்து மேஜையில் சாயம் கலக்குபவள் காதில் விழுந்துவிட்டது. "உனக்கு மச்சம்தான்க்கா" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. நான் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, இத்தனை வருஷம் தூங்கி எழுந்தபோதெல்லாம் அவர்கள் அங்கேயே இருந்திருக்கிறார்கள். மற்ற கணுக்களில் யார் யாரோ?

மார்ச் 11, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. பரவல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் மனதுக்குள் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எனக்கே வாசித்துக் காட்டினார். அப்புறம் உட்கார்ந்து அழுதார்.

மார்ச் 14, வெள்ளி

வெளிக் கட்டைகளைத் திருப்பி அனுப்பும் நாள். 2207-ஐ நானே பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். இனி பல வருஷம் அந்த ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கும்.

பெட்டி வாங்க வந்தவர், "உடையிற சாமானாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. மெழுகுதான்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். போவது யார், நிற்பது யார் என்று ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டையை எடுத்தேன்.