எங்கள் வயலின் மாடிகள்

என் ஆசை தாசண்ணா,

கண்ணை மூடி நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குச் சேதி வருமோ என்னவோ, நானே சொல்லிவிடுகிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டு மொட்டைமாடிக்கு இப்போது காலை வெயில் வருவதில்லை. எதிரே ஓர் அடுக்குமாடி எழுந்துவிட்டது. விடிந்ததும் பிழிந்த கூழ்வடகம் மதியம் வரை ஈரமாகவே கிடக்கிறது. இரண்டு முறை பூசணம் பூத்துக் குப்பையில் கொட்டினேன். அதை விற்றுத்தான் என் அடுப்பு எரிகிறது என்று உனக்குத் தெரியும்.

பொறுக்க முடியாமல் அந்தக் கட்டடத்து மேனேஜரிடம் சண்டைக்குப் போனேன்.

"இந்தத் தெருவுல இத்தினி மாடி கட்ட யாருப்பா உட்டது?"

"எல்லாம் சட்டப்படிதாம்மா. மாகறல்ல ஒருத்தரு தன் வயல்ல இனிமே யாரும் கட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அங்க கட்டுற உரிமைய நாங்க வாங்கி, இங்க மேல மூணு மாடி ஏத்திக்கினோம்."

யார் அந்த ஆள் என்று கேட்டேன். அவர் உன் பெயரைச் சொன்னார்.

அந்த ஆள் என் அண்ணன் என்று சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட வயல் அது. அதையே நீ விலைக்கு வாங்கினாய். மனை போடுகிறவர்கள் வாசலில் வந்து நின்றபோது, கட்டும் உரிமையை மட்டும் விற்றுவிட்டு நிலத்தை நிலமாகவே வைத்துக்கொண்டாய். "நம்ம வயல்ல வர வேண்டிய வூடு வேற எங்கியாவது போய்டும்மா" என்றாய். நானும்தான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். எங்கேயாவது என்றால் என் வீட்டுக்கு எதிரில் என்று நான் கண்டேனா? நீயாவது கண்டாயா?

மறுநாளே மாகறலுக்குப் பஸ் ஏறினேன். உன்னிடம் கேட்க முடியாததை அண்ணியிடம் கேட்டுவிடும் ஆத்திரம். இறங்கியதும் திகைத்து நின்றுவிட்டேன். சுற்றிலும் எல்லா வயல்களிலும் மனைக்கல் நட்டிருந்தார்கள். நடுவில் உன் வயல் ஒன்றுதான் பச்சையாக இருந்தது. பிறந்த ஊரில் வழி கேட்டுப் போனேன் அண்ணா.

அண்ணி களை பறித்துக்கொண்டிருந்தார். நான் கொட்டித் தீர்த்ததைக் கேட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்கு இது தெரிஞ்சிருந்தா சோறு எறங்கியிருக்காதும்மா."

பிறகு களத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அறுப்பு வரிக்கும் சும்மாதான் கெடக்குது. இங்க வந்து பிழி. வெயிலுக்கு இங்க என்னா கொறச்சல்?"

இப்போது முதல் பஸ்ஸில் வேட்டித்துணியோடு வந்து உன் களத்தில்தான் வடகம் பிழிகிறேன். ஆனாலும் உன்மேல் கோபம் தீரவில்லை. இனி ஒரு வயலைக் காப்பாற்றும்போது, அதன் மாடிகள் போய் இறங்கும் தெருவையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறேன். பதில் வருமா, தெரியாது.

ஒன்று மட்டும் உறுதி அண்ணா. நீ எழுதிக் கொடுத்த பத்திரமே வயலைப் பார்த்துக்கொள்ளும் என்று நான் சும்மா இருக்க மாட்டேன். உன் நிலத்தில் கல் நட எவன் வந்தாலும், என் வடகத்தை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

வெயில் தேடி உன்னிடமே வந்து நிற்கும்
உன் தங்கை,
அமலி