காலிக் கூண்டைக் கழிக்கத் தெரிந்தவர்

என் அன்பு அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக உங்கள் அண்ணனிடம். கனவில் போய்க்கூடச் சொல்லிவிடாதீர்கள். கனவுக்கெல்லாம் பலன் பார்க்கிற ஆள் அவர்.

உங்களைக் கொண்டுபோன அதே இதய வால்வு எனக்கும் கசிகிறதாம். எவ்வளவு ரத்தம் பின்னால் திரும்புகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் அளந்த பிறகுதான் ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். பெரியப்பாதான் சேலத்துக்குக் காரில் கூட்டிப் போனார். அம்மா பின்சீட்டில், வழக்கம்போல அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு.

எனக்கு ஸ்கேன் முடிந்ததும் அதை எடுத்த அக்கா வெளியே வந்தார். "இன்னொரு வேலை இருக்குங்க. பாப்பா படுத்த இடத்துல தண்ணி பாட்டில வெச்சு எடுக்கோணும். அசையாத தண்ணியவே மிஷின் கொஞ்சம் ஓடற மாதிரி காட்டுமுங்க. அந்தப் பொய்யைக் கழிச்சாத்தான் ரத்தத்தோட அளவு சரியா வரும்."

பெரியப்பா சிரித்தார். "ஏனுங்க, புள்ள நெஞ்ச அளக்கச் சொன்னா பாட்டில அளக்கறீங்களா? பாட்டிலுக்கு என்னங்க நோவு? ராவுகாலம் வந்துரும், இருக்கறதக் குடுங்க."

கழிக்காத கணக்கில் 'கசிவு குறைவு' என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டரிடம் பெரியப்பா பாட்டில் விஷயத்தைச் சொல்லவே இல்லை. டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்து, ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றுவிட்டார். வரும் வழியில் அல்வா வாங்கினார். எனக்காக என்றா நினைக்கிறீர்கள்? ஆபரேஷன் என்றால் ஊருக்குத் தெரியும். நெஞ்சு நோய் உங்களோடு முடியவில்லை, குடும்பத்திலேயே ஓடுகிறது என்று அவர் மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுவிடும்.

இதே மனிதர் பண்ணையில் கோழி வாங்கப் போனால் காலிக் கூண்டைத்தான் முதலில் தராசில் வைக்கச் சொல்வார். "கூண்டக் கழிக்காம எடை சொல்றவன் திருடன்டா" என்று பண்ணைக்காரரிடமே கத்துவார். கோழிக்கு இருக்கிற நியாயம் எனக்கு இல்லை. இவரைத்தான் ஊரே விவரமான ஆள் என்கிறது!

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. மிஷினின் பொய் என் கசிவைக் கூட்டிக் காட்டியதா, குறைத்துக் காட்டியதா? உங்களுக்கும் அவர் இப்படித்தான் "ஒண்ணுமில்ல" என்றாரா? நீங்களும் நம்பினீர்களா?

நான் நம்ப மாட்டேன். நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன்: டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி மறுபடி அளக்க வேண்டும் என்று. இது உங்கள் மேல் சத்தியம்.

கதவைத் தட்டுகிறார்கள்.

"ஏஞ்சாமி, இன்னுந் தூங்கலையா? கதவத் தொற."

பெரியப்பா குரல். நாளை வரை எதற்கு? திறக்கப் போகிறேன்.

உங்கள் மகள்
கோகி