சொந்த விருப்பத்தின் பேரில்

ஆகஸ்ட் 6, புதன்

இன்று சின்னமனூர் தாண்டி, மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். சத்துணவு சமைக்க வந்த பஞ்சவர்ணத்தை இரண்டே வாரத்தில் அடுப்படியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் சாதிக்காரி சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் தொடாது என்று ஊரார் சொல்லிவிட்டார்களாம். இப்போது அங்கேயே கூட்டிப் பெருக்குகிறாள்.

வேலையில் யாரையும் சாதி சொல்லி ஒதுக்கமாட்டோம் என்று நாடு ஜெனீவாவில், உலகத் தொழிலாளர் அமைப்பிடம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அது நடக்கிறதா என்று நேரில் பார்த்து அங்கே எழுதி அனுப்புவது என் வேலை.

பள்ளிக் கோப்பில் அவள் கடிதம் இருந்தது. சொந்த விருப்பத்தின் பேரில் துப்புரவுப் பணிக்கு மாற்றக் கோருகிறாளாம். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"நீங்களா எழுதினீங்க?"

"எனக்கு எங்க அம்புட்டு எழுத வரும்? பெரிய டீச்சர் எழுதிக் குடுத்தாக. அழுதுக்கிட்டேதான் எழுதுனாக, பாவம்."

பிறகு சிரித்தாள். "நான் ஆக்குன சோறு ஆகாதாம். நான் கூட்டுன தரையில உக்காந்து திங்கலாமாம்."

நான் குறிப்பேட்டை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இத எழுதிறாதீகக்கா. வெளக்கமாறும் போயிரும். ரெண்டு பிள்ளைக இருக்கு."

சரி என்றேன்.

போன முறை அரசு ஜெனீவாவுக்கு அனுப்பிய பதிலில் 'புகார் எதுவும் வரவில்லை' என்றிருந்தது. அதன் ஓரத்தில் 'பொய்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். இன்று என் அறிக்கையில் அந்தப் பள்ளியின் பெயருக்கு நேராக, அரசு எழுதிய அதே வரியை நானே எழுதினேன். என் எழுத்தும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது.