மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஜூன் 11, செவ்வாய்

கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லிலிருந்து ஆர்டர். அவர்களுடைய உலைக் கொட்டகைக்குச் சின்ன மாடல் வேண்டுமாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கக் கேட் ரூமில் வைப்பார்களாம். கொட்டகை, கிரேன், கட்டைவிரல் உயரத்தில் ஆறு ஆட்கள். என் தம்பி யேசுதாஸ் போன வருஷம் செத்த அதே மில். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி சார் என்று வந்தது.

ஜூன் 14, வெள்ளி

சேஃப்டி ஆபீசர் குப்புராஜ் வரைபடம் கொண்டுவந்தார். கிரேனைச் சுற்றி மஞ்சள் கோடு. ஐந்து பேர் கோட்டுக்கு வெளியே. ஒருவன் மட்டும் உள்ளே, சங்கிலிக்கு நேர் கீழே.

"இவரு ரூல மீறினவரு. பாக்கிறவங்களுக்கு பயம் வரணும்" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

அது தாசுதான். வேறு யார்? அவனோடு ஒரே ஷிப்டில் இருந்த கோபால் அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தாசு கோட்டுக்கு இந்தாண்டதான்ணா நின்னுகினு இருந்தான். சங்கிலி அறுந்து வீசி அட்ச்சிடுச்சி." விசாரணையில் அதே கோபால் வாயே திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இப்போது என் வீட்டில் இருக்கும் தாசுவின் மனைவி சோனியா அன்றிலிருந்து கோபால் முகத்தில் விழிப்பதில்லை.

இனி அந்த மில்லில் சேரும் ஒவ்வொருவனுக்கும் என் தம்பி கொழுப்பெடுத்துச் செத்தவன். அதற்குப் பெயிண்ட் அடிப்பது நான். நல்ல அண்ணன்!

ஜூன் 19, புதன்

ஐந்து ஆட்கள் முடிந்தார்கள். ஆறாவது ஆளின் முகத்தில் பெயிண்ட் பிடிக்கவில்லை. ஏர்பிரஷ்ஷால் எவ்வளவு மெல்லிசாக அடித்தாலும் சுருங்கி விலகுகிறது. விரல் பிசுக்கு பட்டால் இப்படி ஆகும். நான் கையுறை போட்டுத்தானே தொட்டேன்? போட்டேனா?

ஜூன் 20

கழுவிவிட்டு மறுபடி அடித்தேன். முகம் வரவில்லை.

ஜூன் 22, சனி

மத்தியானம் சாப்பிடும்போது வேலை அறையில் ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் தானாக ஓட ஆரம்பித்தது. டியூபில் காற்று கசிந்தால் ஓடும்தான். தெரிந்தும் சோற்றை விட்டுவிட்டு அறைக் கதவையே பார்த்தேன். யாரோ உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி —

நிறுத்தப் போன சோனியா திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் ஆறாவது ஆளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வெறும் கை.

"தெனிக்கும் எடுத்துப் பாக்கறேன் மாமா. நீங்க சொல்லலன்னா எனுக்குத் தெரியாதா? இவர எங்க நிக்க வெக்கப் போறீங்க?"



ஜூன் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

ஜூன் 27, வியாழன்

தரைக்குக் கரி நிறம் அடித்து முடித்த பிறகே ஆட்களை ஒட்டவேண்டும். ஒட்டிவிட்டு அடித்தால் ஆள் மறைக்கிற இடத்தில் நிறம் விழாது. இது முதல் பாடம். இன்று தாசுவை முதலில் ஒட்டினேன், கோட்டுக்கு இந்தப் பக்கம். பிறகு ஏர்பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து அடித்தேன். அவன் பின்னால் ஆள் நீளத்துக்கு அடிப்பூச்சு வெள்ளையாக நின்றது. தெரிந்தேதான் செய்தேன். வேன் டிரைவர் வந்தார், எதையும் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போனார்.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் குப்புராஜ் போன். "இன்னாங்க நீங்க, ஆள மாத்தி ஒட்டிக்கிறீங்க? பேத்து அந்தாண்ட வெச்சிட்டோம். ஆனா நின்ன எடத்துல வெள்ளையா ஆளு மாதிரியே தெரியுது. வந்து அடிச்சி மூடிட்டுப் போங்க."

கரி கலர் தீர்ந்துவிட்டது என்றேன். பாட்டில் முக்கால்வாசி இருக்கிறது.

சாயங்காலம் கோபால் வந்து வாசலிலேயே நின்றான். பழைய ஆள் என்று இன்று அவனையும் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்களாம். புதுசாகச் சேர்ந்த ஒருவன், அந்த வெள்ளை என்ன சார் என்று கேட்டானாம். பெயிண்ட் சரியில்லை என்றாராம் குப்புராஜ்.

"நான் சொல்ட்டேன்ணா. அதான் தாசு நின்ன எடம்னு. அல்லார் முன்னாலயும் சொல்ட்டேன்."

நாளைக்கு அவனை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சோனியா எழுந்து வாசலுக்குப் போனாள்.

"உள்ள வாண்ணா" என்றாள்.