இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை

என் சொல்லையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்த சரசக்காவுக்கு,

முருகன் காலடியில் நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். நாங்கள் இருக்கிற கோலத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். நம் இரண்டு வீட்டுக்கும் இப்போது வானம்தான் கூரை. ஓடு, கைமரம், முகட்டு மரம் எல்லாம் இறக்கியாகிவிட்டது. நான் தோப்பில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அண்ணன் பெண்டாட்டி, நான் தம்பி பெண்டாட்டி. மலையாள எல்லையோரம் பெருமாட்டிப் பக்கம் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம். பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் வைத்தார்கள். சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி நின்றுவிட்டது. அதற்கு மேலே முகடு ஒன்றுதான், ஓடு ஒன்றுதான். அந்த வருஷமே கிணற்றுத் தண்ணீர் முறையில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றது. பத்தொன்பது வருஷம். எனக்கோ, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மச்சாண்டார் முன்னால் நின்று பேசக்கூடாது. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். ஆக, என் வீட்டுக்காரர் சொல்வதை நான் உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்கள் மாமாவிடம், அதாவது உங்கள் வீட்டுக்காரரிடம், சொல்ல வேண்டும். பதிலும் அதே வழியில் திரும்பி வரும்.

நான் கணக்கு எழுதுகிறவள். ஐந்தாம் வகுப்போடு நின்று, பலசரக்குக் கட்டிவந்த காகிதத்தில் தமிழும், கரண்டு பில்லிலும் பஸ் போர்டிலும் மலையாளமும் படித்துக்கொண்டவள். எதையும் ஒரு எழுத்துக் குறையாமல் சொல்லித்தான் பழக்கம். ஒருநாள் என் வீட்டுக்காரர் கத்தியதை அப்படியே உங்களிடம் ஒப்பித்தேன். "கரண்டுக் காசு குடுக்காதவனுக்கு மோட்டாருத் தண்ணி எதுக்குன்னு போயிக் கேளு!" நீங்கள் "செரி கண்ணு" என்று உள்ளே போனீர்கள். சுவர் வழியாக எனக்குக் கேட்டது. "ஏனுங்க, கரண்டு பில்லு வந்துருச்சுங்களான்னு சின்னவரு விசாரிச்சாரு."

அன்றைக்கு நான் வாய் பொத்திச் சிரித்தேன். அது ஒரு நாள் செய்த காரியம் என்றுதான் நினைத்தேன்.

போன ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் நீங்கள் போன பிறகு, அந்தச் சுவரைத் தாண்டி ஒரு சொல் போகவில்லை. மாமா இருமுவது கேட்டால் கஞ்சிப் பாத்திரத்தைச் சுவர் மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டுவேன். சாயங்காலம் பாத்திரம் கழுவி அதே இடத்தில் இருக்கும். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

மாசி கடைசியில் மணி ஆசாரி ஒழுகல் பார்க்க மேலே ஏறினார். இறங்கும்போது முகம் சரியில்லை. "அம்மிணி, முகட்டு மரம் முழுக்கச் செல்லரிச்சுப் போச்சு. வெரல வெச்சா உள்ள போகுது. வைகாசீல வர்ற எடவப்பாதி மழைக்கு முந்தி மாத்தோணும். இல்லீன்னா ஒரு காத்துக்கு மொத்தமும் உள்ளாற வந்துரும்." பாதி மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். "ஒரே மரத்த எப்புடீங்க பாதி மாத்தறது? பெரியவிய பக்கம் தாங்காட்டி உங்க பக்கமும் நிக்காதுங்க."

இரும்புப் பைப் வைத்து மேலே ஷீட் போட்டால் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். இரும்பு மட்டும் புதிதாக வைத்து, பழைய ஓட்டையே கழுவி மேய்ந்தால் ஒரு லட்சத்து அறுபதாயிரம். ஓடு நல்ல ஓடு என்றார் ஆசாரி. எங்கள் பங்கு எண்பதாயிரம். பால் காசில் சேர்ந்தது முப்பத்தொன்று, அயல்கூட்டத்துப் பெண்கள் குழுவில் கடன் இருபத்தைந்து, என் தோடு அடகு பதினாலு. எத்தனை முறை கூட்டினாலும் எழுபதுதான் வந்தது. மாமா பாதி தராவிட்டால் அந்த எழுபதும் வீண். அவரிடம் கேட்பது யார்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ போயிக் கேட்டாலும் கேளு, கேக்காட்டியும் போ. நாஞ் சொன்னன்னு மட்டும் சொல்லாத" என்று துண்டை உதறிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டேன் அக்கா. செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம் என்று மனசில் நினைத்துக்கொண்டேன். பூசாரி எடுத்துத் தந்ததைப் பிரித்தால் வெள்ளை. அம்மன் உத்தரவு கொடுத்த பிறகும் வீட்டுக்குத் திரும்பாமல் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினேன். மச்சாண்டாரிடம் பேசினால்தானே குற்றம், அக்காவிடம் பேசினால் யார் என்ன சொல்ல முடியும் என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் ஒதுங்கி நின்று, சுவரில் இருந்த உங்கள் போட்டோவைப் பார்த்துப் பேசினேன்.

"அக்கா, முகட்டு மரம் செல்லரிச்சுப் போச்சாமா. மழைக்கு முந்தி மாத்தோணுமாமா. ஓட்டக் கழுவி மேஞ்சா ஒண்ணு அறுவது ஆகுங்களாமா. எங்க பங்கு எம்பது நாங்க எப்புடியாச்சும் பொரட்டீருவோம். பெரியவியளுக்கு என்ன தோணுதுன்னு கேட்டுச் சொல்லுங்கக்கா."

மாமா பேப்பரை மடித்தார். தொண்டையைச் செருமினார். அவரும் போட்டோவைப் பார்த்தார்.

"சரசு, உன்ற தங்கச்சிகிட்டச் சொல்லு. வருசா வருசம் மழைக்கு ஒழுகாம ஓடு திருப்பற கூலி முழுசும் அவதான் குடுத்தா. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து. வேண்டாம்னு நாஞ் சொல்லியும் கேக்கல. இந்தத் தடவ நாம் பாதி போடாம இருந்தா மனுசனே இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முழுவதும் நானா? "அக்கா, நாம் முன்னூறோ நானூறோதான் குடுத்தன். மீதி பூராம் பெரியவிய குடுத்துட்டாங்கன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?" என்று போட்டோவிடமே கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நானா?" என்றார் மாமா. "நான் ஒரு ரூவாயும் குடுக்கல சரசு. கேட்டப்பல்லாம் தங்கச்சி குடுத்துட்டான்னு சொன்னயே."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது எடுத்த அந்தப் பச்சைச் சேலைப் படத்தில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஓடு திருப்பிய கூலி, நம் பங்கு முந்நூறு. மறு வருஷமும் முந்நூறு. பிறகு நானூறு. மொத்தக் கூலி எவ்வளவு என்று நான் எழுதவே இல்லை. மணி ஆசாரியிடம் கேட்டேன். அவர் தயங்காமல் சொல்லிவிட்டார். "ரெண்டாயிரத்துக்குக் கொறையாது அம்மிணி. பெரியம்மிணிதான் குடுப்பாங்க. பாதிக்கு மேல சில்லறையாத்தான் வரும். சீமாறு வித்த காசுன்னு சொல்லுவாங்க. எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிரும்."

தென்னை ஈர்க்குச் சீவிச் சீமாறு கட்டிச் சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோவீர்களே, எதற்கக்கா இந்தப் பாடு என்று கேட்டால் "பழனிக்குச் சேக்கறன்" என்பீர்கள். பழனிக்கு நீங்கள் போனதாக எனக்கு நினைவில்லை. சாமிக்கு நேர்ந்த காசைச் சேர்க்காமல் பூட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்களே என்று நான் மனசுக்குள் உங்களைக் குறை சொல்லியிருக்கிறேன். விளக்கு முன்னால் உட்கார்ந்துகூட அப்படி நினைத்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க இப்போது யாரிடம் சொல்லி அனுப்புவேன்?

காசு போட்டதை விட, அந்தக் காசுக்கு நீங்கள் வைத்த பேர்தான் எனக்கு ஆச்சரியம். என்னிடம் அது மாமா காசு. மாமாவிடம் அது என் காசு. என் வீட்டுக்காரர் அண்ணனைத் திட்டும்போதெல்லாம், "எப்படி இருந்தாலும் ஓட்டுக்கூலி அவிய குடுக்கறாங்க, பேசாம இருங்க" என்று நானே அடக்கியிருக்கிறேன். அந்தப் பக்கம் மாமா என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்திருக்கிறார். இந்த மாதிரி ஒரு பொய் சொல்ல எனக்குப் புத்தியும் வராது, துணிச்சலும் வராது.

பங்குனியில் வேலை தொடங்கினோம். பத்தாயிரம் குறைந்தது என்றேனே, அது இப்படி ஈடாயிற்று. ஓடு கழுவ ஆள் வைக்கவில்லை. ஆயிரத்தைந்நூறு ஓட்டையும் பாசி தேய்த்துக் கழுவியது நாங்கள்தான். நானும் என் வீட்டுக்காரரும் தொட்டியின் இந்தப் பக்கம், மாமா அந்தப் பக்கம். அதில் பங்குக்கு ஆறாயிரம் மிச்சம். அரிக்காத பனங்கை மரங்களை விற்றதில் பங்குக்கு நாலாயிரத்து ஐந்நூறு. ஆகமொத்தம் ஐந்நூறு ரூபாய் மீந்தது. வேலையாட்களுக்கு டீயும் வடையும் வாங்கி இரண்டே நாளில் அதுவும் தீர்ந்தது.

இன்று மத்தியானம் நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

இரும்பு ஏற்றியாகிவிட்டது. மழைத் தண்ணீர் வடிகிற தகரப் பாத்தியை எந்தப் பக்கம் சரிப்பது என்று வெல்டிங்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார், "என்ற பக்கம் உட்டா மாட்டுக் கொட்டாயெல்லாம் சேறாயிரும்." மாமாவும் ஆகாயத்தைப் பார்த்தார். "கொட்டாயக் கட்டும்போது யாரக் கேட்டுக் கட்டுனதாமா?"

"கேக்கறதுக்கு மூஞ்சியக் காட்டுனாத்தான!"

"எவன்டா மூஞ்சியத் திருப்புனது? கெணத்து மேட்டுல முதல்ல திருப்புனது நீயா நானா?"

"அண்ணா, பழசக் கெளறாத. கெளறுனா எங்கிட்டயும் இருக்குது!"

பத்தொன்பது வருஷத்துச் சண்டையையும் அங்கேயே வைத்துப் போட்டார்கள் அக்கா. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கையை நீட்டி, தோப்பே அதிரும்படி. வெல்டிங்காரர் வேலையை நிறுத்திவிட்டார். மணி ஆசாரி ஏணியில் பாதியில் நின்றபடி, "அம்மிணி, இதக் கேக்கறதுக்குத் தனிக் கூலி உண்டுங்களா?" என்றார். "இது ஓசிதானுங்க ஆசாரி, நல்லாக் கேட்டுக்கங்க" என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சொற்களில் ஒன்றுகூட அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்காது. நான் அதை மறிக்கவில்லை. எனக்கு அந்தக் கைவரிசை இல்லை என்பது ஒன்று. சண்டையாக இருந்தாலும் அவர்கள் வாயால் அவர்களே பேசிக்கொள்கிறார்களே என்று நின்றது இன்னொன்று. நான் நின்றது சரிதானா அக்கா?

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அரை மணி பொறுத்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, கூரை இல்லாத வீட்டில் ஒதுங்கக் கதவைத் தேடாமல் நேராகப் போய் நடுவில் நின்றேன்.

"மாமா, போதுங்க. ரெண்டு பேரும் மொதல்ல சாப்பிட வாங்க. தண்ணி எந்தப் பக்கம் உளுந்தாலும் பூமிலதானுங்க உளுகும்."

சொன்ன பிறகுதான் மாமாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அவர் என்னைத் திட்டவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "வர்றன்மா" என்றார். இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று மட்டும் இரண்டு பேரும் சொன்னார்கள்.

நாளைக்கு ஓடு மேய்கிறோம், உங்கள் பக்கத்திலிருந்து. மழை வருவதற்குள் முடிந்துவிடும். மாமாவுக்குப் பசியா, காய்ச்சலா, கோபமா என்று இனி நான் அவரிடமே கேட்பேன் அக்கா. வருகிற பதிலை ஒரு எழுத்துக் குறையாமல் உங்களுக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
நீங்கள் பெறாத, உங்கள் கூடப் பிறக்காத,
உங்கள் தங்கச்சி
ருக்குமணி